மெருகும் சான்றும்: பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் புதுப்பிக்கலாமா?

பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று முறையான உரிமத்தோடு ஒருவர் கைக்கு வருகிறது. குழலின் கருமை தேய்ந்து, கைபடும் இடங்களில் வெளிறிய இரும்பு தெரிகிறது. மரக்கட்டையில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து கறுத்திருக்கின்றன. விசையமைப்பை மூடும் பக்கத் தகட்டில் இருந்த நீலமும் பழுப்பும் கலந்த நிறங்கள் மங்கிச் சாம்பலாகிவிட்டன. வாரிசு அதை அலமாரியில் பூட்டி வைக்க விரும்பவில்லை. தட்டு சுடும் களத்தில் பயன்படுத்த விரும்புகிறார். அவருக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. முழுவதும் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கிவிட வேண்டும் என்பது ஒன்று. கை வைத்தால் மதிப்பே போய்விடும், அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று.

எதிரெதிராகத் தோன்றினாலும் இவ்விரண்டும் ஒரே நிலத்தில் நிற்கின்றன. இரண்டுமே மேற்பரப்பை அழகு சார்ந்த செய்தியாக மட்டும் பார்க்கின்றன. துப்பாக்கியின் மேற்பரப்பு அழகுக்கு முன்பே ஓர் எழுத்துப் பரப்பு. அதில் செய்தவர் பெயர், விற்றவர் ஊர், எண், சோதனை முத்திரை, பயன்பாட்டின் தேய்மானம் எல்லாம் பதிந்துள்ளன. ஆகவே, மொழியியல் பயின்ற எனக்கு இக்கேள்வி ஏறத்தாழச் சுவடிப் பதிப்பின் கேள்வியாகவே படுகிறது. எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது, திருத்தியதை எவ்வாறு குறிப்பது என்பவையே அங்கும் இங்கும் எழும் வினாக்கள். இதற்கு விடை தேட, இந்தியத் துணைக்கண்டத்தில் ஆயுத மெருகின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கலாம்.

1. மெருகிடுவோரின் பெயர்

வட இந்தியாவிலும் மகாராஷ்டிரத்திலும் சிக்லிகர் என்றொரு சமூகத்தார் வாழ்கின்றனர். சீக்கிய மரபோடு நெருங்கிய தொடர்புடையவர்கள் இவர்களுள் பலர். அவர்தம் பெயரே ஒரு தொழிற்பெயர். அரபியில் மெருகிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து 'சைகல்' என்னும் சொல் பிறந்தது. அரபியில் அது மெருகிடுபவரைக் குறித்தது. பாரசீகத்துக்கு வந்தபோது மெருகு என்னும் பொருள் கொண்டது. அதனோடு செய்வோரைக் குறிக்கும் 'கர்' என்னும் பாரசீக விகுதி மீண்டும் சேர்ந்து, வட இந்திய நாவில் சிக்லிகர் ஆயிற்று. வாளுக்கும் கவசத்துக்கும் துரு நீக்கி மெருகூட்டுவதற்கென்றே ஒரு சமூகம் இருந்தது என்றால், அக்காலத்தில் ஆயுதத்தின் மெருகு ஒருமுறை ஏற்றி முடித்துவிடும் வேலையாக இருந்ததில்லை என்பது தெளிவு. மழைக்காலந்தோறும் போருக்குப் பின்னும் மறுபடி மறுபடி செய்யப்பட்ட பணி அது. 'முதல் மெருகை அப்படியே விட வேண்டும்' என்னும் எண்ணம் சேகரிப்பாளர்களின் காலத்தில் வலுப்பெற்றது. ஆயுதத்தைப் பயன்படுத்தியவர்களின் மரபு வேறு.

தமிழில் இதற்கான சொற்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. துரு, களிம்பு, கறை, பாசி என்று நம்மிடம் உள்ளவை யாவும் நீக்கப்பட வேண்டியவற்றின் பெயர்கள். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பே உவமை. காலத்தால் படிந்து, மதிப்பைக் கூட்டும் படலம் என்னும் கருத்துக்கு அன்றாடத் தமிழில் தனிச்சொல் இல்லை. 'புதுப்பித்தல்' என்ற சொல்லுக்கு நம் காதில் ஒரு நல்லொலி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கோயில் தூண்களின் கல்வெட்டு மேல் சுண்ணாம்பு பூசியவர்களும் புதுப்பித்ததாகவே கருதினர்.

2. குழலில் எழுதுதல்

1590களில் நிறைவுற்ற அபுல் பசலின் 'ஆயினி அக்பரி' துப்பாக்கித் தொழிலைப் பற்றிப் பேசும் பகுதி இங்கு முதன்மையானது. இரும்புத் தகட்டை வளைத்து விளிம்புகளைச் சேர்த்துக் குழல் செய்யும் பழைய முறையோடு, இரும்பைச் சாய்வாகச் சுற்றிச் சுற்றி ஒட்டி வலுவான குழல் செய்யும் முறையையும் அது விவரிக்கிறது. குழல்களைத் துப்புரவு செய்ய மாடு சுற்றும் சக்கரம் ஒன்று அமைக்கப்பட்டதையும், அதனால் பதினாறு குழல்களை ஒரே வேளையில் துப்புரவாக்க முடிந்ததையும் அது குறிப்பிடுகிறது. அக்பரின் விருப்பத் துப்பாக்கிக்குச் 'சங்கிராம்' என்று பெயரே இருந்தது.

நம் கேள்விக்கு இவற்றைவிடப் பயன்படும் செய்தி மற்றொன்று. ஒவ்வொரு துப்பாக்கியிலும் இரும்பின் எடை, இரும்பு கிடைத்த இடம், செய்த தொழிலாளி, செய்த ஊர், காலம், வரிசை எண் ஆகியவை பொறிக்கப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. அதாவது, துப்பாக்கி தன் பிறப்புச் சான்றிதழைத் தன் உடலிலேயே சுமக்க வேண்டும் என்னும் கருத்து இந்நாட்டில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. மாடு சுற்றிய சக்கரமும் எழுத்துப் பொறிக்கும் உளியும் ஒரே பட்டறையில் இருந்தன. தேய்ப்பதும் எழுதுவதும் ஒன்றுக்கொன்று பகையாகாமல் நடந்த பட்டறை அது.

3. துருவால் துருவைத் தடுத்தல்

குழலின் நிறம் எப்படி வருகிறது என்பதை அறியாமல் புதுப்பித்தலைப் பற்றி முடிவெடுக்க இயலாது. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் பழுப்பு நிறமோ கருநீல நிறமோ வண்ணப்பூச்சு அன்று. அது துருவே. எண்ணெய்ப் பசை நீக்கிய குழலின் மேல் அமிலக் கரைசலை மெல்லத் தடவி, ஈரமான அறையில் சில மணி நேரம் வைத்தால் செம்மையான நுண்துரு படரும். அதை மென்கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மீண்டும் தடவ வேண்டும். இப்படிப் பல நாள் அடுக்கடுக்காக ஏற்றினால் பழுப்பு நிறம் கிடைக்கும். ஒவ்வோர் அடுக்கையும் கொதிநீரில் இட்டெடுத்தால், செந்துரு கருநிற இரும்பு ஆக்சைடாக மாறிக் கருநீலம் கிடைக்கும். கட்டுக்குள் வைத்து ஏற்றிய துரு, கட்டின்றி வரும் துருவைத் தடுத்து நிற்கிறது. எண்ணெயைத் தன்னுள் பிடித்துவைக்கும் அப்படலம் தேய்ந்துபோனால், வியர்வைபட்ட ஒரு கைரேகையே புதிய துருவுக்குத் தொடக்கமாகிவிடும்.

'டமாஸ்கஸ்' எனப்படும் குழல்களில் இம்முறைக்கு மற்றொரு பயனும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கி, சுருளாகச் சுற்றி, ஒட்டி இக்குழல்களைச் செய்தனர். அமிலம் இரும்பை ஒரு விதமாகவும் எஃகை வேறு விதமாகவும் தாக்குவதால் சுருள் வடிவங்கள் மேற்பரப்பில் எழுகின்றன. கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகியவற்றோடு தொடர்புபடுத்தப்படும் 'வூட்ஸ்' எஃகின் அலைவடிவமும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்புவது இன்றும் காணப்படுகிறது. வூட்ஸில் வடிவம் எஃகின் உள்ளமைப்பிலிருந்தே வருகிறது. துப்பாக்கிக் குழலில் அது இருவேறு உலோகங்களை ஒட்டிய கைவேலையின் தடம்.

இத்தகைய குழலை இன்றைய பட்டறை ஒன்றில் கொடுத்துப் பளபளப்பான ஒரே கருமையாக்கினால், செய்தவன் முறுக்கிய ஒவ்வொரு திருகும் மறைந்துவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. சாதாரண எஃகுக் குழலின் மேல் டமாஸ்கஸ் வடிவத்தைப் போலியாகப் பதித்து விற்ற மலிவுத் துப்பாக்கிகளும் அக்காலச் சந்தையில் இருந்தன. மேற்பரப்பு ஆவணம் என்பதால் அது பொய் சொல்லாது என்று கொள்ள வேண்டியதில்லை. ஓலைச்சுவடியிலும் இடைச்செருகல் உண்டல்லவா?

4. ஒரு துப்பாக்கியில் மூன்று ஊர்கள்

இந்தியக் குடும்பங்களில் எஞ்சியுள்ள பழைய துப்பாக்கிகள் பலவற்றைப் படிக்கத் தெரிந்தால் அவற்றில் ஒரு வணிகப் பாதை தெரியும். குழல்களின் நடுவே ஓடும் பட்டையில் கல்கத்தாவின் மேன்டன் அல்லது ரோடா போன்ற கடைகளின் பெயர் இருக்கும். சென்னையில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரில்கூடத் துப்பாக்கிகள் விற்கப்பட்டன. குழலைக் கழற்றி அடிப்பகுதியின் தட்டையான பரப்பைப் பார்த்தால் பர்மிங்காம் அல்லது லண்டன் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். லண்டன் துப்பாக்கி செய்வோர் கூட்டமைப்பு 1637இல் பட்டயம் பெற்றது; பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. சோதனை விதிகள் மாறியபோதெல்லாம் முத்திரைகளும் மாறியதால், அவற்றைக் கொண்டு துப்பாக்கியின் காலத்தைக் கணிக்கலாம். கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, புகையில்லா மருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதையும் அவை சொல்லும். இவற்றோடு, பிற்கால உரிமையாளர் ஒருவரின் பெயரெழுத்தோ இந்திய அலுவலகம் ஒன்றின் எண்ணோ சேர்ந்திருக்கலாம்.

இப்பாதைக்குப் புறத்தே உள்நாட்டுத் தொழிலும் இருந்தது. 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை முங்கேருக்கு மாற்றி அங்கே ஆயுதப் பட்டறைகளை அமைத்தார். அம்மரபின் தொடர்ச்சியாக உரிமம் பெற்ற முங்கேர்த் துப்பாக்கிகள் 20ஆம் நூற்றாண்டிலும் நாடெங்கும் விற்றன. புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர் இல்லாததால் இவற்றை எப்படித் தேய்த்தாலும் இழப்பில்லை என்று கருதும் போக்கு உண்டு. வரலாற்று நோக்கில் நிலைமை நேர்மாறானது. பெருநிறுவனங்கள் விற்பனைப் பதிவேடுகளைப் பேணின. பெயர் தெரியாத உள்நாட்டுக் கொல்லர்களுக்கு அவர்கள் குழலில் அடித்த குறியே பெரும்பாலும் ஒரே பதிவேடு.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். லிட்டன் காலத்தில் வந்த அச்சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதை உரிமத்துக்கு உட்படுத்தி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. ஆகவே அக்காலத்தில் ஓர் இந்தியக் குடும்பத்தில் துப்பாக்கி இருந்தது என்பதே அக்குடும்பத்துக்கும் அரசுக்கும் இருந்த உறவைப் பற்றிய ஒரு செய்தி.

5. மாற்றத்தை மறைக்காத மாற்றம்

அப்படியானால் தொடவே கூடாதா? பயன்பாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் வேட்டைப் பருவம் முடிந்ததும் துப்பாக்கியைத் தொழிலாளியிடம் அனுப்பிப் பிரித்துத் துடைத்து எண்ணெயிடச் செய்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குழலுக்கு மீண்டும் கருமையேற்றுவதும் அப்பராமரிப்பின் பகுதியே. புகழ்பெற்ற துப்பாக்கிகள் பலவற்றுக்குக் குழலே மாற்றப்பட்டுள்ளது. பழைய குழலின் அடிப்பகுதியை வைத்துக்கொண்டு புதிய குழாய்களைப் பொருத்தும் முறையும் உண்டு. அவ்வாறு செய்தால் அச்செய்தியைக் குறிக்கும் சொல்லைக் குழலில் பொறித்து, மறுபடி சோதனைச் சாலைக்கு அனுப்பி முத்திரை பெற வேண்டும்.

இந்த நடைமுறையே நம் கேள்விக்கான திறவுகோல் என்று கருதுகிறேன். தொழில் மரபு மாற்றத்தைத் தடுக்கவில்லை. மாற்றியதை எழுதி வைக்கச் சொன்னது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் நினைவுச் சின்னங்களுக்கு வகுத்த நெறியும் இதற்கு அருகில் வருகிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும், புதிதாகச் சேர்த்தது புதிதென்று தெரிய வேண்டும் என்கிறது அது. நம் பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்ததும் இதே அறம்தான். ஏட்டில் உள்ளதை விடுத்துத் தம் திருத்தத்தை மூலமாக அச்சிட்டவர்களால் வந்த இழப்பை நாம் அறிவோம்.

6. எங்கே இழப்பு நேர்கிறது

இந்நெறியைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தால், நான்கு இடங்களில் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

முதலாவது, தேய்ப்பு. கருமையேற்றும் முன் குழலின் பழைய துருவையும் குழிகளையும் நீக்குவார்கள். விசைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் எழுத்துகளின் விளிம்பு மழுங்கும். குழலின் சுவரும் மெலியும். வெளியே தேய்த்த குழலை உள்ளேயும் தேய்த்தால் இழப்பு இரட்டிப்பாகும். ஆழமான குழி ஒன்றை அப்படியே விடுவது, அதை மறைக்கக் குழல் முழுவதையும் மெலியச் செய்வதைவிட நல்லது. குழல் சுவரின் தடிமனை உரிய கருவியால் அளக்காமல் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

இரண்டாவது, வேதிமுறை. இன்றைய துப்பாக்கிகளுக்குச் சுமார் 140 பாகை செல்சியஸில் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கருமையேற்றுகிறார்கள். விரைவான, மலிவான முறை. ஆனால் பழைய இரட்டைக்குழல்களும் நடுப்பட்டையும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் இணைக்கப்பட்டவை. காரம் அப்பற்றை அரிக்கும். பட்டையின் அடியில் தங்கிய உப்பு வெளியே தெரியாமல் உள்ளிருந்து துருவேற்றும். மேலே புதுமை மின்ன, உள்ளே இணைப்பு தளர்ந்துகொண்டிருக்கும். பழைய இரட்டைக்குழலுக்கு மெல்லத் துருவேற்றும் பழைய முறையே தகும்.

மூன்றாவது, பக்கத் தகட்டின் நிறங்கள். எலும்புக்கரி, மரக்கரி இவற்றின் நடுவே பொதிந்து, செஞ்சூட்டில் வைத்து, நீரில் அமிழ்த்தும்போது இரும்பின் மேல்தோல் கடினமாகிறது. அப்போது தோன்றும் நீல, பழுப்பு நிறங்கள் மிக மெல்லியவை. அவை மங்கினாலும் கடினத்தன்மை மங்குவதில்லை. நிறத்துக்காக மட்டும் மீண்டும் சூடேற்றினால், நுட்பமாக இழைத்துப் பொருத்திய பாகங்கள் கோணலாகும் அபாயம் உண்டு. இங்கே சாம்பல் நிறத்தை ஏற்றுக்கொள்வதே பெரும்பாலும் அறிவுடைமை.

நான்காவது, மரம். வால்நட் கட்டையில் படிந்த அழுக்கை நீக்கி, ஆளிவிதை எண்ணெயைக் கையால் சிறிது சிறிதாகத் தேய்த்து ஏற்றுவது பழைய முறையே. உப்புத்தாளால் தேய்த்தால், உலோகத்தோடு சமமாகப் பொருந்தியிருந்த மரம் தாழ்ந்துபோகும். பிடிமானத்துக்காகச் செதுக்கிய கட்டங்கள் மழுங்கும். தேய்த்த மரத்தை மீண்டும் வளர்க்க முடியாது. எண்ணெய்ப் பூச்சு மட்டும் மறுபடி செய்யத்தக்கது என்பதால், நான்கிலும் மிகக் குறைந்த தயக்கத்தோடு செய்யக்கூடியது இதுவே.

7. வேட்டையிலிருந்து தட்டுக்கு

இத்துப்பாக்கிகளின் பயன்பாடே இடையில் மாறியது என்பதும் முடிவைப் பாதிக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையின் காலத்தை முடித்துவைத்தது. அதற்கு முன்பே விளையாட்டு வேறு பாதையில் சென்றுகொண்டிருந்தது. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. மக்களவையின் முதல் தலைவரான ஜி. வி. மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். பிகானேர் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த கர்ணி சிங் 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் தட்டு சுடுதலில் வெள்ளி வென்றார். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 2004இல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் பெற்ற வெள்ளியும் இவ்வகைத் துப்பாக்கியால் வந்ததே. பறக்கும் அத்தட்டுக்கு ஆங்கிலத்தில் 'களிமண் புறா' என்று பெயர். இன்று அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை; அது கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த வில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களையே சுட்ட காலத்தின் எச்சம் அச்சொல்லில் தங்கியிருக்கிறது.

வேட்டைக்காரர் ஒரு நாளில் சுட்டதைவிடப் பல மடங்கு தோட்டாக்களைத் தட்டு சுடுபவர் ஒரு பயிற்சியில் சுடுகிறார். எனவே பயன்பாட்டுக்கு வரும் பழைய துப்பாக்கிக்கு அழகைவிட முதலில் வேண்டியது பாதுகாப்புச் சோதனை. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு உரியது. இன்று பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. பொருந்துவதுபோல் உள்ளே சென்றாலும், சுடும்போது விரிய இடமின்றி அழுத்தம் கூடும். இச்செய்தியைச் சொல்வது அடிப்பகுதி முத்திரைதான். பளபளப்புக்காக அம்முத்திரையைத் தேய்த்தவர், அடுத்த தலைமுறைக்கு விடப்பட்ட எச்சரிக்கையையே அழித்தவராகிறார்.

8. சட்டம் படிக்கும் மேற்பரப்பு

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இங்கே வியக்கத்தக்க அளவு தெளிவாக இருக்கிறது. ஆயுதத்தைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமன்றித் தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதோ மாற்றுவதோ குற்றம் என்கிறது 8ஆம் பிரிவு. அதோடு, குறி அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று, மாறாக நிறுவப்படும் வரை, கொள்ளப்படும். ஆயினி அக்பரியின் உளி எழுதியதை நான்கு நூற்றாண்டு கழித்துச் சட்டம் காக்கிறது. மறுபுறம், பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருள்களை 45ஆம் பிரிவு சட்டத்தின் எல்லையிலிருந்து விலக்குகிறது. காட்சிப்பொருள் வேறு, பயன்பொருள் வேறு என்னும் பிரிவினையைச் சட்டமே செய்திருக்கிறது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மரபுரிமையாக வந்தவையும் இவ்வரம்புக்கு உட்பட்டவையே. மிகுதியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க நேர்ந்தது. குடும்பங்கள் எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுத்தபோது, எத்தனையோ பெயரறியாத கொல்லர்களின் வேலை யாரும் படிக்காமலே கைமாறியிருக்கும். ஒப்படைக்கும் முன் குறிகளைப் படமெடுத்து, எழுதி வைப்பது உரிமையாளருக்குச் செலவில்லாத செயல். ஆய்வாளருக்கு அது மூலம்.

எனவே கேள்விக்கு என் விடை இது. சுடுவதற்கு உரிய துப்பாக்கிக்கு மெருகு வேண்டும். துருவேறவிட்டு அதைப் பழமை என்று போற்றுவது பராமரிப்பைக் கைவிடுவதே ஆகும். ஆனால் வேலை தொடங்கும் முன் எல்லாக் குறிகளையும் படமெடுக்க வேண்டும். குழலை அளக்க வேண்டும். உரிமம் பெற்ற, பழைய முறை அறிந்த தொழிலாளியிடமே கொடுக்க வேண்டும். எண்ணெய் ஏற்றுவதிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் துருவேற்றும் முறையில் குழலைக் கருமையாக்கி, அதோடு நிற்க வேண்டும். எந்த ஆண்டில், யாரால், எம்முறையில், எதை நீக்கி, எதைச் சேர்த்தோம் என்று ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியின் பெட்டியிலேயே வைக்க வேண்டும். சுட இயலாத நிலைக்கு வந்துவிட்ட துப்பாக்கிக்கு இவற்றுள் துடைப்பதும் எண்ணெயிடுவதும் பதிவு செய்வதும் போதும்.